பிரேக் பெடல் கல்லாக இறுகினால்: பழைய டீசல் வண்டியில் வேக்கம் பம்ப் மாற்றும் வேலை

கொழும்பு பொரளைச் சந்தியில் சிவப்பு விழுந்தது, வழக்கம் போல பிரேக்கில் காலை வைத்தேன், பெடல் இறங்கவே இல்லை. கருங்கல்லை மிதித்தது போல இருந்தது. இரண்டு காலையும் சேர்த்து ஊன்றி, கியரையும் இறக்கித்தான் முன்னால் நின்ற ஓட்டோவுக்கு ஒரு முழம் இருக்கும்போது வேனை நிறுத்தினேன். பின் சீட்டில் அம்மாவும் பெரியம்மாவும் கொட்டாஞ்சேனைக்குப் போவதற்காக இருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, எனக்கு மட்டும் கை நடுங்கியது.

அடுத்த நாள் ஒரு கராஜில் விட்டேன். பேட் தேய்ந்துவிட்டது என்று நான்கு சக்கரத்துக்கும் வேலை செய்தார்கள். பெடல் அப்படியே இருந்தது. பிறகு பூஸ்டர், அதாவது நம் கால் அழுத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற பாகம், போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். அதற்குக் காசு கொடுக்கும் முன் ஒரு நாள் பொறுத்து நானே தேடிப் பார்த்ததில்தான் தெரிந்தது, பூஸ்டருக்கு ஒன்றும் ஆகவில்லை, அதிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கிற வேக்கம் பம்ப்தான் செத்துக் கிடந்தது. பழைய டீசல் வண்டி வைத்திருக்கிறவர்கள் இங்கே நிறையப் பேர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபின் இருக்கிற வண்டியையே பார்த்துப் பார்த்து ஓட்டியவர்கள்தான் நாம் எல்லோரும். அதனால் இதை விபரமாக எழுதுகிறேன்.

என்னுடையது மிட்சுபிஷி டெலிக்கா, 4டி56 எஞ்சின், இரண்டரை லீட்டர். நான் எழுதுவது அதை வைத்துத்தான். ஆனால் அந்தக் காலத்து ஜப்பான் டீசல்களில் நிறைய இதே மாதிரிதான், அதாவது பம்ப் தனியாக இருக்காது, பட்டரியைச் சார்ஜ் செய்கிற டைனமோவின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். இசுசு 4ஜேபி1 அப்படித்தான், டொயோட்டாவின் பழைய 2எல் அப்படித்தான். உங்கள் வண்டியில் எப்படி என்று பார்க்க ஒரே வழி: டைனமோவின் பின்பக்கம் டோர்ச் அடித்துப் பாருங்கள். வயர் மட்டும் இருந்தால் அது வெறும் டைனமோ. வயரோடு ஒரு தடித்த ரப்பர் ஹோஸும், ஓயில் வருவதற்கும் போவதற்கும் இரண்டு குழாயும் இருந்தால் பம்ப் அங்கேதான் இருக்கிறது.

முதலில் இந்தப் பம்ப் எதற்கு என்று புரிந்துகொள்ளுங்கள், புரிந்தால் பாதி வேலை முடிந்தது. பெட்ரோல் எஞ்சினில் காற்று போகும் வழியில் திறந்து மூடும் தகடு இருக்கிறது. கால் எடுத்தவுடன் அது மூடி, உள்ளே தானாகவே வெற்றிடம் உண்டாகும், பிரேக் பூஸ்டர் அதை வைத்து வேலை செய்யும். பழைய டீசலில் அந்தத் தகடு இல்லை, காற்று எப்போதும் தாராளமாக உள்ளே போகும், வெற்றிடமே இல்லை. அதனால் அதைச் செய்து கொடுக்கத் தனியாக ஒரு பம்ப். அதன் உள்ளே ஒரு உருளை, நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாகத் தள்ளிச் சுழலும். உருளையில் வெட்டிய பள்ளங்களில் மெல்லிய தகடுகள் வழுக்கி நிற்கும். சுற்றும் வேகத்தில் தகடுகள் வெளியே வீசப்பட்டுச் சுவரை உரசிக்கொண்டே போய்க் காற்றை ஒரு பக்கம் உறிஞ்சி மறு பக்கம் தள்ளும். உராய்வைக் குறைப்பதும், இடுக்கில் காற்றுக் கசியாமல் அடைப்பதும் எஞ்சின் ஓயில்தான். ஓயில் வராவிட்டால் தகடு தேயும், தேய்ந்தால் உறிஞ்சாது.

இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது, தயவு செய்து இதை மட்டுமாவது வீட்டில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் சொல்லுங்கள். பம்ப் டைனமோவோடு சேர்ந்து சுற்றுகிறது, டைனமோ பெல்ட்டில் சுற்றுகிறது. ஆகவே இந்த வண்டிகளில் பெல்ட் அறுந்தால் பட்டரி சார்ஜ் மட்டும் போவதில்லை, பிரேக் உதவியும் போகும். டேஷ்போர்டில் சிவப்பாகப் பட்டரி லைட் எரிந்தால் "வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம்" என்று ஓட்டாதீர்கள், ஓரமாக நிறுத்துங்கள். பூஸ்டரில் மிச்சம் இருக்கிற வெற்றிடம் ஒன்று இரண்டு மிதிக்குத்தான் வரும். ஓடும்போது பெடல் இறுகிவிட்டால் விட்டு விட்டு மிதிக்காதீர்கள், ஒவ்வொரு தடவை விடும்போதும் இருக்கிறதும் போய்விடும். ஒரே மூச்சாக ஊன்றிப் பிடித்துக்கொண்டு கியரைக் குறையுங்கள். பிரேக் இல்லாமல் போகவில்லை, உதவிதான் இல்லை, பலமாக மிதித்தால் நிற்கும்.

பம்ப்தானா என்று உறுதி செய்வது

காசு செலவழிக்கும் முன் செய்ய வேண்டியது இது. எஞ்சினை நிறுத்திவிட்டு பெடலை ஐந்தாறு தடவை மிதியுங்கள், நன்றாக இறுகும். காலை எடுக்காமல் பெடல் மேலேயே வைத்துக்கொண்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். நல்ல வண்டியில் கால் தானாகக் கொஞ்சம் கீழே இறங்குவது தெரியும். இறங்கவே இல்லை என்றால் வெற்றிடம் வரவில்லை, அல்லது வந்தும் பூஸ்டர் வாங்கவில்லை.

எது என்று பிரிக்க, எஞ்சின் மெதுவாக ஓடும்போது பூஸ்டரில் பூட்டியிருக்கிற ஹோஸைக் கழற்றி அதன் வாயைக் கட்டைவிரலால் மூடுங்கள். சட்டைக் கை, துப்பட்டா, நீள முடி எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. சில விநாடியில் விரலைப் பிடித்து இழுக்க வேண்டும், எடுக்கும்போது "டப்" என்று சத்தம் வர வேண்டும். என் வேனில் விரலில் ஏதோ மூச்சு விடுவது போலத்தான் இருந்தது. வேக்கம் கேஜ் ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது, கைவிரல் பொய் சொல்லலாம், கேஜ் சொல்லாது. கொழும்பு கடல் மட்டத்தில் இருப்பதால் கணக்கு சுலபம்: இங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய 760 மில்லிமீற்றர் பாதரசம், ஒழுங்கான பம்ப் அதில் 600க்கு மேல் காட்ட வேண்டும், அங்குலக் கேஜ் என்றால் 25 பக்கம். நுவரெலியாவில் வைத்து அளந்தால் நல்ல பம்ப்கூட இவ்வளவு காட்டாது, அங்கே காற்றே மெல்லியது. முள் 500க்குக் கீழேயே நின்றுவிட்டால் எங்கேயோ கோளாறு இருக்கிறது.

ஆனால் முள் குறைந்தவுடன் பம்ப் என்று முடிவு கட்டாதீர்கள். கேஜை இப்போது பம்பின் வாயிலேயே நேராகப் பூட்டிப் பாருங்கள். அங்கே நன்றாகக் காட்டி, பூஸ்டர் பக்கம் குறைவாகக் காட்டினால் நடுவில் இருக்கிற ஹோஸ் வெடித்திருக்கிறது, அல்லது அதில் இருக்கிற செக் வால்வு, அதாவது காற்றை ஒரு பக்கம் மட்டும் விடுகிற வால்வு, போய்விட்டது. செக் வால்வைக் கழற்றி வாயால் ஊதினால் பூஸ்டர் பக்கத்திலிருந்து பம்ப் பக்கம் காற்றுப் போக வேண்டும், எதிர்ப்பக்கம் போகவே கூடாது. அப்புறம் பெல்ட். தளர்ந்த பெல்ட் வழுக்கினால் டைனமோ மெதுவாகச் சுற்றும், பம்பும் மெதுவாகச் சுற்றும். பெல்ட்டை இறுக்கியதோடு பிரச்சினை தீர்ந்த வண்டியை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு அடையாளம், பம்புக்கும் டைனமோவுக்கும் நடுவில் இருக்கிற ஓயில் சீல் போனால் உறிஞ்சல் நன்றாக இருந்தும் டைனமோ முழுக்க ஓயில் பூசியிருக்கும். ஓயில் உள்ளே போய் டைனமோவின் கார்பன் பிரஷ்ஷில் பட்டால் சார்ஜும் கெடும். டைனமோவின் அடிவயிறு கறுப்பாக மினுங்கினால் நாள் கடத்த வேண்டாம்.

பஞ்சிகாவத்தையில் சாமான் வாங்குவது

பஞ்சிகாவத்தை என்றால் கொழும்பில் வண்டி உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற இடம். அங்கே பழைய பம்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், மாதிரிப் பெயரை மட்டும் சொல்லி வாங்க வேண்டாம். நான் முதல் தடவை வெறும் கையோடு போய்ப் பஸ் காசை வீணாக்கினேன். கடையில் "நானா, டெலிக்கா 4டி56 வேக்கம் பம்ப் இருக்கா?" என்று கேட்டதற்கு அவர் "தம்பி, பழச கொண்டு வந்தீங்களா? இதுல நாலஞ்சு விதம் இருக்கு" என்று சொல்லி நான்கைந்தை மேசையில் வரிசையாக வைத்தார். பார்க்க ஒன்று போலத்தான் இருந்தன. ஒன்றில் காற்று வாய் வேறு பக்கம் திரும்பியிருந்தது, ஒன்றில் பல் எண்ணிக்கை வேறு, ஒன்றில் ஓயில் போகும் குழாய் தடிப்பு. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவை: டைனமோ தண்டில் கோர்க்கிற பற்களை எண்ணுங்கள், இரண்டு தடவை எண்ணுங்கள். போல்ட் ஓட்டைகள் ஒன்றன் மேல் ஒன்று பொருந்துகிறதா, ஹோஸ் வாய்கள் அதே தடிப்பா, அதே பக்கம் பார்க்கிறதா. சுற்றும் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ரீகண்டிஷன் பம்ப், அதாவது பழையதைத் திருத்திப் புதுப்பித்தது, வாங்குவதில் தவறில்லை, நான் அதுதான் வாங்கினேன். ஆனால் கடைக்காரரிடம் கேட்டு மூடியைத் திறந்து பாருங்கள். உள்சுவரில் நகத்தை ஓட்டினால் எங்கேயும் தடக்கக் கூடாது. கோடு கோடாகக் கீறியிருந்தால் அது எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம், புதுத் தகடு போட்டாலும் அந்தக் கீறலில் காற்று ஓடும். தகடுகள் பள்ளத்தில் தம் பாரத்திலேயே வழுக்கி விழ வேண்டும். பற்கள் கூர் தேய்ந்து கத்தி போல மெலிந்திருக்கக் கூடாது. உங்கள் பழைய பம்பின் சுவர் கண்ணாடி மாதிரி இருந்தால் முழுப் பம்பும் தேவையில்லை, தகடும் ஓ ரிங் என்கிற ரப்பர் வளையமும் சீலும் கொண்ட கிட் மட்டும் கேட்டுப் பாருங்கள்.

அதே நடையில் புதுக் கொப்பர் வொஷர், ஓ ரிங், டைனமோ பின்பக்க ஓயில் சீல், ஹோஸ் கிளிப், தேவையென்றால் பெல்ட் எல்லாம் வாங்கிவிடுங்கள். பிரேக் பூஸ்டர் வேக்கம் ஹோஸ் என்று கேட்டு, உறிஞ்சலைத் தாங்கும் தடித்த சுவர் ஹோஸே வாங்குங்கள். தண்ணீர்க் குழாய் போட்டால் சூட்டில் இளகி உள்வாங்கித் தட்டையாகிவிடும், வெளியில் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். ஓயில் திரும்பும் ஹோஸும் ஓயில் தாங்குகிற ரப்பராக இருக்க வேண்டும்.

கழற்றுவது

காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது தொடங்குங்கள். மட்டமான தரை, ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கீழே இரண்டு கட்டை. டெலிக்காவில் எஞ்சின் முன் சீட்டுக்குக் கீழே, சீட்டைத் தூக்கினால் மேலிருந்து எட்டும். முதல் வேலை பட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுவது. டைனமோவின் தடித்த வயருக்குப் பட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் வந்துகொண்டே இருக்கும், ஸ்பானர் பட்டால் தீப்பொறிதான்.

கழற்றும் முன் போனில் நாலு பக்கமும் படம் எடுங்கள். பிறகு வேக்கம் ஹோஸ். இருபது வருட ரப்பர் வாயோடு ஒட்டிப் போயிருக்கும், நேராக இழுத்தால் கிழியும், அல்லது குழாய் வளையும். கிளிப்பைத் தளர்த்தி முதலில் முறுக்கி விட்டு, சுழன்ற பிறகு இழுங்கள். ஓயில் வரும் சின்னக் குழாய், நடுவில் ஓட்டை உள்ள ஒரு போல்ட்டில் இரண்டு கொப்பர் வொஷருக்கு நடுவில் இருக்கும், ஒன்று எஞ்சினுக்குக் கீழே விழுந்து தொலைந்துவிடும், பரவாயில்லை, எப்படியும் புதுசுதான் போடப்போகிறோம். ஓயில் திரும்பிப் போகும் தடித்த ஹோஸ் அடியில். கழற்றியவுடன் எல்லா வாயையும் சுத்தமான துணியால் அடையுங்கள். ஒரு மணல் துகள் உள்ளே போனால் சுவரைக் கீறிவிடும்.

பெல்ட்டைத் தளர்த்தி எடுத்து, வயர்களைக் கழற்றி, டைனமோவையே வெளியே எடுங்கள். வண்டியில் இருந்தபடியே பம்பை மட்டும் கழற்ற முயன்றவர்கள் இருக்கிறார்கள், இடுக்கில் ஓ ரிங் சரியாக உட்கார்ந்ததா என்று யாராலும் பார்க்க முடியாது. மேலும் டைனமோ கையில் இருக்கும்போது புலியை, அதாவது பெல்ட் ஓடுகிற சக்கரத்தை, சுற்றிப் பெயாரிங் சத்தம் கேட்கலாம், கார்பன் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கலாம். சீல் மாற்றவும் இது வேண்டும்.

மேசையில் வைத்துப் பம்பைப் பிடித்திருக்கும் சின்னப் போல்ட்டுகளைக் கழற்றி, பம்பைத் தண்டின் நேர்கோட்டில் இழுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள், அலுமினியத்தில் விழுகிற ஒரு பள்ளம் போதும் ஓயில் கசிவதற்கு. என் பம்பைத் திறந்தபோது தகடு ஒன்று ஓரம் உடைந்து, உள்ளே ஓயிலுக்குப் பதிலாகத் தார் போலக் கறுப்புச் சேறு இருந்தது. ஓயில் வரும் குழாயை ஊதிப் பார்த்தேன், காற்றே போகவில்லை. பம்ப் தானாகச் சாகவில்லை, தண்ணீர் கொடுக்காமல் வளர்த்த செடி மாதிரி அதைச் சாகடித்திருந்தது அந்த அடைப்பு. இதைச் சுத்தம் செய்யாமல் புதுப் பம்பைப் பூட்டினால் அதுவும் சில மாதத்தில் அதே வழிதான்.

பூட்டுவது

ஓயில் வரும் குழாயை டீசல் விட்டுக் கழுவி, மறுமுனையில் தாராளமாகக் காற்று வரும்வரை ஊதுங்கள். திரும்பும் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கிறதா பாருங்கள். அது அடைத்தால் ஓயில் பம்பிலேயே தேங்கி, சீலை உடைத்துக்கொண்டு டைனமோவுக்குள் போகும். வேக்கம் ஹோஸ் வழியாகப் பூஸ்டருக்குப் போனால் அங்கிருக்கும் ரப்பரும் ஊதிக் கெடும்.

பழைய ஓயில் சீலைக் கழற்றி, புது ஓயில் சீலுக்கு ஓயில் தடவி நேராக உட்கார வையுங்கள், அதே அளவு சொக்கட் ஒன்றை மேலே வைத்து மெல்லத் தட்டினால் சாயாமல் போகும். தகடு மாற்றினால் ஒரு ஓரம் வட்டமாகவும் மறு ஓரம் சதுரமாகவும் இருப்பதைக் கவனியுங்கள்: வட்ட ஓரம் வெளியே, சுவரைப் பார்த்து. ஓ ரிங்கில் ஓயில் பூசி அதன் பள்ளத்தில் முறுக்கில்லாமல் வைத்து, பம்பைத் தண்டில் கோருங்கள். பற்கள் பொருந்தாவிட்டால் புலியைக் கொஞ்சம் சுற்றிப் பாருங்கள், போல்ட்டால் இழுத்து உட்கார வைக்காதீர்கள். போல்ட்டுகளை மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

இப்போது மறக்கவே கூடாத ஒன்று. ஓயில் வரும் ஓட்டையில் புது எஞ்சின் ஓயில் ஒரு தேக்கரண்டி அளவு விடுங்கள். அதற்கு மேல் வேண்டாம், நிறைத்தால் தகடுகள் ஓயிலை நசுக்க முடியாமல் உடையும். விட்ட பிறகு புலியைக் கையால் வண்டியில் சுற்றும் திசையில் சுற்றுங்கள். முதல் சில சுற்றில் குழந்தை பால் குடிக்கிற மாதிரி "சப் சப்" என்று கேட்கும். காற்று வாயில் விரலை வைத்துச் சுற்றினால் விரல் மெல்ல உள்ளே இழுபடும். எனக்கு அந்த இழுப்பு தெரிந்த கணத்தில்தான் பொரளையில் தொடங்கிய பயம் இறங்கியது.

டைனமோவை வண்டியில் பூட்டி, வயர்கள், புதுக் கொப்பர் வொஷரோடு ஓயில் குழாய், திரும்பும் ஹோஸ், வேக்கம் ஹோஸ் என்று படத்தைப் பார்த்துப் பார்த்துப் பூட்டுங்கள். பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய 10 மில்லிமீற்றர் இறங்கும் அளவுக்கு இறுக்கினால் போதும். அதற்கு மேல் இறுக்கினால் பெயாரிங் போகும். கடைசியாகப் பட்டரி.

ஸ்டார்ட் செய்து அக்சிலேட்டரைத் தொடாமல் விடுங்கள். ஓயில் லைட்டும் பட்டரி லைட்டும் அணைய வேண்டும். டோர்ச் அடித்து எல்லா இணைப்பையும் பாருங்கள். ஓயில் குழாயில் கசிவு இருந்தால் உடனே நிறுத்துங்கள், அது அழுத்தத்தில் வருகிற ஓயில், சில நிமிடத்தில் எஞ்சினையே காலி செய்துவிடும். கசிவு இல்லை என்றால் கேஜைப் பூட்டிப் பாருங்கள், பிறகு முதலில் சொன்ன பெடல் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கில் ஓயில் அளவு. அப்புறம் நெரிசலான காலி வீதிக்கு (கோல் ரோட்டுக்கு) நேராகப் போகாமல் ஒரு வெறிச்சோடிய ஒழுங்கையில் மெதுவாக ஓட்டிப் பல தடவை பிரேக் பிடித்துப் பாருங்கள்.

மெர்சிடிஸ் டபிள்யூ124 டீசல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பம்ப் டைனமோவில் இல்லை, எஞ்சினின் முன்பக்கம். அதில் பெயாரிங் உடைந்தால் துண்டுகள் டைமிங் செயின் பக்கம் விழுந்து எஞ்சினே உடையும். அங்கே பிரேக் கெடும்வரை காத்திருக்காதீர்கள், பம்ப் பக்கமிருந்து தட்டுகிற சத்தம் கேட்டாலே வண்டியை நிறுத்திக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

மற்றவர்கள் ஒரு வாரம் கழித்து ஒரு தடவை பெல்ட்டைத் திரும்ப இறுக்குங்கள், புதுப் பெல்ட் கொஞ்சம் நீளும். அதே நேரம் ஒரு வெள்ளைத் துணியால் டைனமோவின் அடியைத் துடைத்துப் பாருங்கள், சுத்தமாக வர வேண்டும். நான் இப்போது 5000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை ஓயில் மாற்றும்போதெல்லாம் அந்தச் சின்னக் குழாயையும் கழற்றி ஊதிப் பார்த்துவிட்டே பூட்டுகிறேன், பத்து நிமிட வேலை.